97 டிகிரியில் கொதித்த தண்ணீர்

ஓசூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. ஐந்து பேருக்கு ஒரு பீக்கர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு சாராய விளக்கு (பெயரைச் சொன்னாலே கடைசி பெஞ்சு சிரிக்கும்). தண்ணீரின் கொதிநிலையைக் கண்டு எழுத வேண்டும். பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசமோ 97-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறது.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு மிஸ்" என்றான் ஒருவன். கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். ரெக்கார்டு நோட்டில் 100 என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வருஷா வருஷம் நடப்பது அதுதான். நானே பல வருஷம் "சரி, 100னு போட்டுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அப்படி முடியவில்லை. எதிர் பெஞ்சை எட்டிப் பார்த்த ஒரு பெண் கேட்டாள்: "அவங்களுக்கும் 97தான் காட்டுது. ரெண்டு தெர்மாமீட்டரும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொருவன், "ஐஸ்ல வெச்சா ஜீரோ காட்டணும்ல, வெச்சுப் பாக்கலாம்" என்றான். பள்ளி வாசலில் கரும்புச் சாறு விற்பவரிடமிருந்து ஒரு துண்டு ஐஸ் வந்தது. சரியாகப் பூஜ்யம் காட்டியது. தெர்மாமீட்டர் தப்பித்தது, சந்தேகம் தண்ணீர் மேல் திரும்பியது. "போர் தண்ணி மிஸ், உப்பு ஜாஸ்தி." ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டார்கள். கொதிநிலை ஏறியதே தவிர இறங்கவில்லை. உப்பும் தப்பித்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு பையன் அப்போதுதான் சொன்னான்: "எங்க மாமா மிலிட்டரில இருக்காரு. லடாக்ல குக்கர் இல்லாட்டி பருப்பே வேகாதாம்."

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் குறையும். ஓசூரில் 97 வருவதுதான் நியாயம். கீழே தருமபுரியில் 98-க்கும் 99-க்கும் நடுவில் வரும். 100 என்பது கடற்கரைக்காரர்களின் எண்.

அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மனதில் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேரில் ஒருவருக்கும் விடை தெரியாது. ஒருத்திக்குச் சந்தேகப்படத் தெரிந்தது. ஒருவனுக்குச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தது. ஒருவனுக்குத் தப்பாகவாவது ஒரு காரணம் சொல்லத் தெரிந்தது. ஒருவனிடம் மாமா சொன்ன கதை இருந்தது. இவர்களில் யாரையும் தனியாக உட்காரவைத்திருந்தால் 100 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பிள்ளைகள் கூடிப் படித்தால் அறிவியல் புரியுமா என்று பெற்றோரும் சக ஆசிரியர்களும் கேட்பதுண்டு. எதற்காகக் கூடினார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். ஒப்பிக்கக் கூடினால் ஒப்பிக்க வரும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்துப் பேசக் கூடினால் புரியும். நம் ஊர்ப் பள்ளிகளில் முதல் வகைக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது வகைதான் அபூர்வம்.

சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் எல்லா வயதுப் பிள்ளைகளும் படித்தார்கள். அவரால் எல்லோரையும் பார்க்க முடியாது. மூத்த பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குப் பாடம் சொல்வான், முறை போடுவான், சமயத்தில் பிரம்பையும் எடுப்பான்.

மெட்ராஸ் எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்துக்கு 1789-ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. 8 வயதுச் சிறுவன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797-ல் லண்டனில் பெல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இதில் நம் மண்ணுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடு என்ற கம்பெனி அதிகாரியின் உதவியாளராக நிலம் அளந்து வரி விதித்துக்கொண்டிருந்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர். பின்னாளில் மதராஸ் ஆளுநரானபோது, 1822-ல், மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கையில் ஒரு கருத்து வருகிறது: தேறிய மாணவர்கள் தேறாதவர்களுக்குக் கற்பிக்கும்போது தங்கள் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும்.

சொல்லிக்கொடுப்பவனுக்கே லாபம் அதிகம் என்று அந்த வெள்ளைக்கார கலெக்டர் கண்டதைத்தான் இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகள் எண்களோடு சொல்லின. ஆனால் மெட்ராஸ் முறைக்கு இங்கிலாந்தில் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டவும் வாய்ப்பாடு சொல்லவும் அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போகவில்லை. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது விடை மட்டும்தான், "ஏன்?" என்று சின்னவன் கேட்டால் அவனிடம் சரக்கு இல்லை. 1846-ல் அங்கே பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் என்ற வேறு ஏற்பாடு வந்துவிட்டது.

அங்கே மறைந்த சட்டாம்பிள்ளை இங்கே இன்னும் இருக்கிறார். பொங்கல் தாண்டியதும் எந்தப் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். பெயர் மட்டும் 'குரூப் லீடர்' என்று மாறியிருக்கிறது. ஐந்தைந்து பேராக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். லீடர் கேள்வி கேட்பார், மற்றவர் ஒப்பிப்பார், தப்பில்லாமல் சொன்னால் ஒரு டிக். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நாங்கள் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்களை இப்படித்தான் கரையேற்றுகிறோம். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். அந்த 20-ஐ எடுக்க முடியாமல் படிப்பை விட்டுவிட்டு ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூர் கட்டட வேலைக்கோ போகிற பிள்ளைக்கு அந்த டிக் ஒரு பிடிமானம். ஆனால் அதை அறிவியல் கற்றல் என்று சொல்லக் கூடாது. நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் சொல்கிற பிள்ளையிடம், "லாரி மேல சைக்கிள் மோதுனா எதுக்கு விசை அதிகம்?" என்று கேளுங்கள். "லாரிக்குத்தான்" என்று வரும். இரண்டுக்கும் ஒரே அளவு என்பதுதான் அவர் ஒப்பித்த விதி.

விடையைச் சொல்வதும் விளக்கிச் சொல்வதும்

குழுவில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பல வருஷம் பதிவு செய்து ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் நொரீன் வெப். கணக்கு வகுப்புகளில் அவர் கண்டது இது: மற்றவருக்கு விளக்கம் சொன்ன பிள்ளைகள் முன்னேறினார்கள். உதவி கேட்டு, விளக்கம் இல்லாமல் வெறும் விடையை மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறவில்லை, சிலர் பின்தங்கினார்கள். நம் குரூப் லீடர் "பி ஆப்ஷன்டா, எழுதிக்கோ" என்று சொல்லும்போது நடப்பது இதுதான். உதவி மாதிரி தெரியும், உதவி அல்ல.

வெப்பின் இன்னொரு முடிவு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், பின்தங்கியவர் என மூன்று வகையினரையும் கலந்து ஒரு குழுவில் போடுவதுதான் நம் வழக்கம். அப்படிப் போட்டால் முதல் வகையினர் மூன்றாம் வகையினருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருவருக்கும் ஏதோ கிடைக்கிறது. நடுவில் இருப்பவர்? யாரும் அவரிடம் கேட்பதில்லை, அவருக்கு யாரும் சொல்வதுமில்லை. என் வகுப்பில் 60 மார்க் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், பெயரே சட்டென்று நினைவுக்கு வராமல் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் கண்முன் வந்தார்கள்.

விடை தெரிந்த ஒருவர் இருந்தால்தான் குழுவால் பயனா? 2009-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பு. ஒரு கேள்வியைத் தனியாக விடையளிக்கச் செய்தார்கள். சராசரியாக 52 சதவீதம் சரி. பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், 68. இதில் காப்பியடித்தவர்களும் இருப்பார்கள் அல்லவா? அதனால் அதே கருத்தின் மேல் வேறொரு கேள்வியை மறுபடி தனியாகக் கொடுத்தார்கள், 73. குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும் முன்னேற்றம் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், பழகிய வகுப்பு என்பதால் தளிப் பக்கத்து ஒன்பதாம் வகுப்புக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் பீக்கர் பெஞ்சில் நடந்தது இதுவேதான்.

காரணம் தேடினால் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும் வந்து நிற்பார்கள், பி.எட். படித்த யாருக்கும் இரண்டு பெயர்களும் பத்து மார்க் கேள்வியாகப் பரிச்சயம். பியாஜே முரண்பாட்டை முக்கியமாகக் கருதினார்: நான் ஒன்று நினைக்கிறேன், என் வயதுக்காரன் ஒருவன் வேறொன்று சொல்கிறான், இதைச் சரிக்கட்டியே ஆக வேண்டும் என்று மனம் தவிக்கிறது. ஆசிரியர் சொன்னால் இந்தத் தவிப்பு வராது. "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். 37 வயதில் இறந்துபோன வைகாட்ஸ்கி, தனியாக முடியாததைத் துணையோடு செய்ய முடிகிற அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகப் பாடநூல்கள் எழுதும். வகுப்பறையில் இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

தப்பும் கூடிப் பேசினால் கெட்டிப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் செட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் மின்சுற்று பற்றிக் கேட்டால், "முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்னுடும், மீதிதான் அடுத்ததுக்கு" என்று பத்தில் எட்டுப் பேர் ஒரே குரலில் சொல்வார்கள். மறுக்க ஆளில்லை என்றால் குழு அந்தத் தப்பை ஒருமனதாக நிறைவேற்றிவிடும். அங்கே அம்மீட்டரைக் கொண்டுபோய் முதல் பல்புக்கு முன்னால் ஒருமுறை, கடைசிப் பல்புக்குப் பின்னால் ஒருமுறை வைத்துக் காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு. அறிவியலுக்கு வாய்த்த வசதி இது: வாதம் முற்றினால் தீர்ப்புச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. கருவியைத் தொடாத குழு விவாதம் பட்டிமன்றமாகிவிடும்.

வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள்

தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்தவர்கள் எல்லோருமா இழுக்கிறார்கள்? கையை மேலே வைத்துக்கொண்டு நடப்பவர்கள் எத்தனை பேர்! ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்து 1913-ல் எழுதினார்: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைகிறது. ஒரு பீக்கருக்கு எட்டுப் பேர் என்று நிற்கும் நம் செய்முறை வகுப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு பேர் செய்வார்கள், ஒருத்தி எழுதுவாள், மற்றவர்கள் ஜன்னல் வழியாக மாம்பழ லாரியைப் பார்ப்பார்கள். மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் என்பது என் அனுபவத்தில் தாங்கக்கூடிய அளவு. உபகரணம் போதவில்லை என்றால் பாதி வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்து முறை மாற்றிவிடுவது எட்டுப் பேரை நிறுத்துவதைவிட மேல்.

சோம்பல் ஒரு பக்கம் இருக்கட்டும். பேச நினைத்தும் பேசாமல் இருப்பவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கோஹன் இதைத்தான் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார்: குழுவில் யார் சொல் எடுபடும் என்பது அவருக்கு என்ன தெரியும் என்பதைவிட, வெளியே அவருக்கு என்ன மதிப்பு என்பதைப் பொறுத்தே இருக்கிறது. நம் மாவட்டங்களில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. யார் யாரோடு உட்காருவது என்பதற்குப் பின்னால் ஊரும் தெருவும் இருக்கின்றன. "உங்களுக்குப் பிடிச்சவங்களோட உக்காருங்க" என்று சொன்ன அன்று என் வகுப்பு அப்படியே ஊர் வரைபடமாகப் பிரிந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்கல்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் வெப் இன்னொன்றும் கண்டார். ஆண்கள் அதிகமாக உள்ள குழுவில் தனித்திருக்கும் பெண்ணின் கேள்விகள் கவனிக்கப்படுவதில்லை. பெண்கள் அதிகமாக, ஒரே ஒரு பையன் இருக்கும் குழுவிலோ, பெண்களும் அந்தப் பையனிடமே கேட்கிறார்கள். எண்ணிக்கை சமமாக இருந்தபோதுதான் நிலைமை சீரானது. கலப்புப் பள்ளிகளில் குழு பிரிக்கும்போது நான் இப்போது இதை எண்ணிப் பார்க்கிறேன்.

அப்புறம் பல். தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பழுப்புக் கறை படிந்த பல்லை மறைக்கக் கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவார்கள். பேசாமலிருக்க முடிந்தால் இன்னும் நல்லது என்று இருந்துவிடுவார்கள். அவர்களை நான் முதலில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் வைத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு இரண்டு பேராக உட்காரவைத்தபோதுதான் எவ்வளவு பேச வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

மொழியும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு, கன்னடம். கிருஷ்ணகிரி நகரில் உருது. ஒரு பையன் தமிழில் ஆரம்பித்து, சிக்கலான இடம் வந்ததும் தெலுங்குக்குத் தாவி, நண்பனுக்குப் புரியவைத்துவிட்டு, "அதான் மிஸ்" என்று தமிழில் முடிப்பான். முன்பெல்லாம் "தமிழ்ல பேசு" என்று அதட்டுவேன். புரிந்துகொள்வது எந்த மொழியில் நடந்தால் என்ன, எழுதும்போது தமிழில் எழுதட்டும் என்று இப்போது விட்டுவிடுகிறேன்.

தமிழிலேயே இரண்டு தமிழ் இருக்கிறதே. கடையில் எடை என்றால் கிலோ. இயற்பியலில் எடை என்றால் நியூட்டன், கிலோவுக்குப் பெயர் நிறை. வேலை, விசை, திறன், ஆற்றல் எல்லாம் வீட்டில் ஒரு பொருளும் புத்தகத்தில் ஒரு பொருளுமாக வாழ்கின்றன. தலையில் சுமையோடு சமதளத்தில் நடப்பவர், அந்தச் சுமையைத் தாங்கும் விசையால் எந்த வேலையும் செய்யவில்லை என்று பாடம் நடத்தியபோது ஒரு பெண் எழுந்து நின்றாள். "எங்கம்மா ஒரு கிலோமீட்டர் குடத்தைத் தூக்கிட்டு வந்தது வேலை இல்லியா மிஸ்?" குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்.

நான் பதில் சொல்லாமல் குழுக்களுக்கு விட்டேன். ஒரு குழு கணக்குப் போட்டது: குடமும் தண்ணீருமாக 15 கிலோ, தரையிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர் தூக்கினால் சுமார் 220 ஜூல். ஆகத் தூக்கியது வேலை. அப்புறம் நடந்தது? விசை மேல்நோக்கி, நகர்வு முன்னோக்கி, ஒன்றுக்கொன்று செங்குத்து, பெருக்கினால் பூஜ்யம். "அப்ப ஏன் வேர்க்குது?" என்றாள் இன்னொருத்தி. உடம்புக்குள்ளே தசை சுருங்கி விரிகிறது, அதற்குச் சாப்பாட்டிலிருந்து ஆற்றல் போகிறது, அது குடத்துக்குப் போகவில்லை, வெப்பமாகப் போகிறது என்ற இடத்துக்கு வர அவர்களுக்கு இருபது நிமிஷம் ஆனது. "புஸ்தகத்து வேலை வேற, நம்ம வேலை வேற. ரெண்டும் நெஜம்தான்" என்று முடித்தாள் கோபப்பட்டவள். அந்த வரியை நான் சொல்லியிருந்தால் இத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஐந்து ஊர்த் தண்ணீர்

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் ஒரு முறையை உருவாக்கினார். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், அடிதடி. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். என் துண்டு உன்னிடம் இல்லை, உன் துண்டு என்னிடம் இல்லை. ஒருவரையொருவர் கேட்டே ஆக வேண்டும். ஜிக்சா என்று பெயர்.

நமக்கு இதற்குத் தாளைக் கிழிக்கக்கூட வேண்டாம். பேருந்தில் வரும் பிள்ளைகள் ஐந்து ஊரிலிருந்து வருகிறார்கள். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் போதும். ஒருவன் போர் தண்ணீர், ஒருத்தி கிணற்றுத் தண்ணீர், இன்னொருத்தி 2013-ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய்த் தண்ணீர். களச் சோதனைப் பெட்டியின் சாயத்தைச் சேர்த்தால் ஃபுளூரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு வெளிறி மஞ்சளாகும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். எந்த ஊர் எங்கே நிற்கிறது என்று பார்க்க, அடுத்த ஊர்க்காரனின் பாட்டில் வேண்டும். அன்று குழுவில் மதிப்பில்லாதவர் யாரும் இல்லை.

கேள்விகள் அங்கிருந்து தானாகப் பிறக்கும். பக்கத்துப் பக்கத்து ஊரில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எத்தனை அடி போர், என்ன பாறை? அண்ணனுக்குக் கறை இருக்கிறது, தம்பிக்கு ஏன் இல்லை? நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிற முதல் எட்டு வருஷத்தில் குடித்த தண்ணீர்தான் கணக்கு; தம்பி பிறக்கும்போது வீட்டில் குழாய் வந்திருக்கலாம். ஒருத்தி கட்டாயம் சொல்வாள்: "கொதிக்க வெச்சுக் குடிச்சா சரியாயிடும்." இதுதான் எனக்குப் பிடித்த இடம். கிருமிக்குச் சரி. ஃபுளூரைடு ஆவியாகாதே! லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை அரை லிட்டராகச் சுண்டவைத்தால் அது லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு, வீட்டுக்குப் போய்ப் பாட்டியோடு சண்டை போட்டதாக மறுநாள் வந்து சொன்னார்கள்.

உண்மையாகவே குறை சொல்ல வேண்டிய ஒன்று நேரம். ஒரு பீரியட் 45 நிமிஷம். வருகைப்பதிவு போக 40. மேலே சொன்ன எதுவும் ஒரு பீரியடில் முடியாது. பாடம் மிச்சமாகும், தலைமையாசிரியர் கேட்பார். 2000-களின் கடைசியில் 6 முதல் 8 வரை படைப்பாற்றல் கல்வி என்று வந்தது. அதில் குழுக் கலந்துரையாடல் ஒரு படிநிலையாகவே இருந்தது. நல்ல யோசனை. நாளடைவில் மனவரைபடம் வரைந்தாயிற்றா, தொகுத்தாயிற்றா என்று பார்வையிட வருபவருக்குக் காட்டுகிற சடங்காகப் பல இடங்களில் தேய்ந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் அதே வகுப்புகளுக்குச் சோதனைப் பொருட்களைக் கொண்டுவந்தது. ஒன்பதுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு ஒரு மார்க் கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

அதனால் நான் சிக்கனமாகச் செய்கிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்க இடமுள்ள கேள்வி. முதலில் ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அவரவர் விடையை நோட்டில் எழுத வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சத்தமாகப் பேசுபவன் விடையே எல்லோர் விடையும். பிறகு ஐந்து நிமிஷப் பேச்சு. பிறகு சீட்டு எடுப்பேன்; யார் பெயர் வருகிறதோ அவர் எழுந்து குழுவின் விடையை அல்ல, காரணத்தைச் சொல்ல வேண்டும். லீடர் எழக் கூடாது. யார் பெயர் வரும் என்று தெரியாததால் லீடருக்கு எல்லோருக்கும் புரியவைக்கிற கட்டாயம் வந்துவிடுகிறது. குழுவுக்கு வெகுமதி, ஆனால் பொறுப்பு ஆளாளுக்குத் தனித்தனி என்று ராபர்ட் ஸ்லாவின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சொன்னதன் ஏழைப் பதிப்பு இது.

பலன் உடனே தெரியாது. கிறிஸ்டின் ஹோ என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஸ்காட்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், மாறுபட்ட கருத்துள்ளவர்களைக் குழுவாக்கிப் பேசவிட்டு உடனே சோதித்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை. சில வாரங்கள் கழித்துச் சோதித்தால் முன்னேறியிருந்தார்கள், குழுவில் உடன்பாடே எட்டாதபோதும். பேச்சு முடிந்த பிறகும் தலைக்குள் வாதம் நடந்துகொண்டிருக்கிறது போலும். மாதத் தேர்வு மார்க்கை வைத்து "குழுவா உக்காரவெச்சு என்ன கிழிச்சீங்க?" என்று கேட்பவரிடம் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்.

அந்த ஓசூர் பெஞ்சின் ரெக்கார்டு நோட்டுகள் திருத்த வந்தபோது ஆவலோடு பிரித்தேன். மூன்று பேர் 97 என்று எழுதி, கீழே காரணமும் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் 100 என்றே எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, "வெளியிலருந்து வர்றவங்க தப்புனு போட்டுட்டா? எதுக்கு மிஸ் வம்பு" என்றான் ஒருவன். தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு என்று முதலில் சொன்னவன்தான். நான் வற்புறுத்தவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். விடுமுறையில் ஒகேனக்கல் போயிருந்தானாம்.

"மிஸ், ஒகேனக்கல் ரொம்பப் பள்ளத்துல இருக்குதே. அங்க கொதிக்க வெச்சா எவ்ளோ வரும்?"